பின்னால் அமர்பவருக்கும் ஓர் இருக்கை

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 12 கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, தொடர்வண்டியும் உண்டு. ஆயினும் நூற்பாலைக்கு ஷிப்டு மாறிச் செல்வோரும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளுக்குச் செல்வோரும், விடியற்காலையில் பால்கோவாக் கடைகளுக்குப் பால் கொண்டு வருவோரும் பெரிதும் நம்புவது மோட்டார் சைக்கிளைத்தான். நோயாளிகளையும், அவர்களுக்குச் சோறு கொண்டு வருவோரையும் மருத்துவமனை வாசலில் இறக்கி விடுவதும் பெரும்பாலும் அதுவே. ஆகவே, மோட்டார் சைக்கிளின் இருக்கையைப் பற்றி மருத்துவமனை இதழில் எழுதுவது பொருத்தமற்றதன்று.

வண்டியோடு வரும் இருக்கையை மாற்றி, குஷன் கடையில் அளவு கொடுத்துப் புதிதாகத் தைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பகுதியிலும் பரவியுள்ளது. சிலர் அழகுக்காக மாற்றுகின்றனர். சிலர் இடுப்பு வலி தாளாமல் மாற்றுகின்றனர். இவ்வழக்கத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தொழிற்சாலை எல்லா உடல்களுக்குமாக ஒரே இருக்கையைச் செய்கிறது. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கும் 85 கிலோ எடையுள்ள பேரனுக்கும் அது ஒன்றுபோலப் பொருந்தாது. சட்டைக்கு அளவெடுப்பதுபோல் இருக்கைக்கும் அளவெடுக்கலாம். யாருடைய அளவை எடுக்கிறோம் என்பதே கேள்வி. வண்டியில் அமரும் இருவரில் மெலிந்தவரை, மூத்தவரை, பின்னால் அமர்பவரை முதலில் கருத வேண்டும் என்பது நம் துணிபு.

அதற்குக் காரணம் உண்டு. பின்னால் அமர்பவரின் இடம் பின்சக்கர அச்சுக்கு அருகிலோ அதன் மேலேயோ அமைகிறது. வேகத்தடையோ பள்ளமோ வரும்போது ஓட்டுநர் அதை முன்னதாகவே பார்க்கிறார். கால்களை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு இல்லை. வண்டி தூக்கிப் போடும் விசை முழுவதும் அவருடைய முதுகெலும்பில் இறங்குகிறது. எலும்பின் அடர்த்தி குறைந்துவிட்ட முதிய பெண்களுக்கு அப்படி ஒரே ஒரு முறை தூக்கிப் போடுவதும் முதுகெலும்பில் அமுக்க முறிவை உண்டாக்கக்கூடும். இந்நிலையில், பல புதிய வண்டிகளின் பின் இருக்கை குறுகியும் உயர்ந்தும் சரிந்தும் அமைந்திருப்பது வருந்தத்தக்கது. சேலை உடுத்தி ஒருபக்கமாக அமரும் தாய்மார்களை மனத்தில் கொண்டு அமைத்த இருக்கைகளாக அவை தோன்றவில்லை. ஆகவே, பின் இருக்கையைத் தட்டையாக்கி அகலப்படுத்தச் செய்யும் செலவு வீண் செலவன்று.

இனி, நல்ல இருக்கை என்பது எது? மென்மையானதே நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். அமரும்போது நம் எடையைத் தாங்குவன இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள். மெத்தை மிக மென்மையாக இருந்தால் அம்முனைகள் புதைந்து அடித்தகட்டைத் தொடுகின்றன. அழுத்தம் வால் எலும்பின்மீதும், நரம்பும் இரத்தக் குழாயும் செல்லும் மெல்லிய தசைப் பகுதியின்மீதும் பரவுகிறது. முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருந்த இருக்கை அரை மணி நேரத்தில் மரத்துப்போகச் செய்வது இதனாலேயே. மேலும், அமர்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகுதியாக உணர்வது, அது வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை நிகழும்போதுதான். மிக மென்மையான தடித்த மெத்தை இவ்வதிர்வைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டிவிடவும் கூடும்.

கடைகளில் 32, 40 என எண் சொல்லி ஃபோம் விற்கின்றனர். அவ்வெண் அடர்த்தியைக் குறிப்பது; அதாவது, ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை இத்தனை கிலோ என்பது. அது கெட்டித்தன்மையின் அளவன்று. அடர்த்தி மிகுந்த ஃபோம் நெடுநாள் அமுங்கிப் போகாமல் இருக்கும் என்பதே அதன் பொருள். ஆகவே எண்ணை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாமல், கையால் அழுத்தியும் அமர்ந்தும் பார்க்க வேண்டும். அடியில் உறுதியான அடுக்கும், மேலே மெல்லிய மென்மையான அடுக்கும் வைத்துத் தைப்பது ஏற்ற முறை.

தையல்காரரிடம் சொல்ல வேண்டியவை சில. இருக்கை பெட்ரோல் டேங்கை நோக்கிச் சரியக் கூடாது. சரிந்தால் உடல் முன்னே வழுக்கி, கவட்டுப் பகுதியில் அழுத்தம் ஏறும். எடை தாங்கும் இடத்தில் தையல் வரி வரக் கூடாது. அது உறுத்தும், மழைநீரும் அதன் வழியே உள்ளே இறங்கும். உயரம் கூடினால் ஓட்டுபவரின் பாதங்கள் தரையில் ஊன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கால் எட்டாத வண்டி, நிற்கும்போதே சாயும். மேலே விரிக்கும் வலை உறை தளர்வாக இருந்தால், ஒருபக்கமாக அமர்ந்தவர் அதனோடு வழுக்கிவிடுவார். பழைய இருக்கையை எறியாமல் பத்திரப்படுத்தி, வேறோர் அடித்தகட்டின்மேல் புதியதைச் செய்துகொள்வது நல்லது.

கைப்பிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் அமர்பவருக்கு நிலையான கைப்பிடி, கால் வைக்கும் இடம், ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி. அழகுக்காக இருக்கையை மாற்றும் இளைஞர் சிலர் கைப்பிடியையும் சாரி கார்டையும் கூடவே கழற்றிவிடுகின்றனர். மெத்தையைத் திருத்துவது வேறு; காப்பை அகற்றுவது வேறு. பின்னது, தாயின் சேலை முந்தானையை சக்கரத்திற்குக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இருக்கையைத் தொடுமுன் செய்ய வேண்டிய, செலவு குறைந்த வேலைகளும் உண்டு. இருவர் செல்லும்போது பின் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலேயே உள்ளது. பல வண்டிகளில் பின் ஷாக் அப்சார்பரை எடைக்கேற்பப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உண்டு. எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பரின்மேல் எத்தனை உயர்ந்த மெத்தையைப் போட்டாலும் பயனில்லை. மதுரைக்கோ தென்காசிக்கோ நெடுந்தொலைவு செல்வோர் இடையிடையே இறங்கி நடப்பது, எந்த ஃபோமும் தராத நன்மையைத் தரும்.

இருக்கை மருந்தன்று என்பதையும் மறத்தலாகாது. முதுகு வலி காலுக்கு இறங்கினாலும், காலில் மரமரப்போ வலுவிழப்போ தோன்றினாலும் குஷன் கடைக்குமுன் மருத்துவரிடம் வர வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கவட்டுப் பகுதியில் உணர்வு குன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர், வண்டியில் எப்போது அமரலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். மயங்கியவரை, மார்பு வலியுள்ளவரை, எலும்பு முறிந்தவரை இருவருக்கு நடுவே அமர்த்தி மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது அன்பால் செய்யும் ஆபத்து. 108 ஆம்புலன்சுக்குக் கட்டணமில்லை. அதை அழைப்பதே முறை.

தலைக்கவசம் ஓட்டுநருக்கு மட்டும் உரியதென்ற எண்ணமும் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பின்னால் அமர்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஒருபக்கமாக அமர்ந்து பின்னோக்கி விழுபவரின் தலையே முதலில் தரையில் மோதுகிறது. புதிய இருக்கைக்குப் பணம் ஒதுக்குவோர், இரண்டாவது தலைக்கவசத்திற்கும் அதிலேயே ஒரு பங்கு ஒதுக்கலாம்.

குஷன் கடையில் முன்பணம் கொடுக்குமுன் வீட்டிலிருக்கும் அம்மாவையோ மனைவியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நின்றிருக்கும் வண்டியில் அவர்களை அமரச் செய்யுங்கள். கால் எங்கே படுகிறது, கை எதைப் பற்றுகிறது, எங்கே உறுத்துகிறது என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. அவர்கள் சொல்லும் விடையையே தையல்காரர் அளவாகக் குறித்துக்கொள்ளட்டும்.