பாரீஸ் போனும் பாண்டிச்சேரிக் கணக்கும்

டிசம்பர் பிறந்தால் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். நவம்பரிலேயே இங்கிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் போய்விடும். சென்ட், சாக்லேட், பெரியவருக்கு ஒரு ஸ்வெட்டர், கடைசி வரியில் ஒரு போன். "அங்கதான் மலிவு சித்தப்பா, இங்க வாங்கி ஏமாறாதீங்க" என்று அறிவுரை சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். கொண்டுவருகிறவன் வாய் திறக்க மாட்டான். மறுத்தால் "அங்க போய் மாறிட்டான்" என்று பேர் வரும்.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் டூ-இன்-ஒன், கைக்கடிகாரம், கேமரா எல்லாம் வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் நம்பிக்கை இராது. சொல்தா வீடு எது என்பதைக் கூடத்தில் இருக்கும் டேப்ரிக்கார்டரை வைத்தே சொல்லிவிடலாம். அந்தக் காலத்து நியாயம் அந்தக் காலத்துக்குச் சரி. இன்றும் அதையே பிடித்துக்கொண்டிருக்கலாமா என்பதுதான் என் கேள்வி. ஆயுள் முழுக்கக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன், யாராவது 'மலிவு' என்றால் உடனே பேப்பரும் பேனாவும் எடுத்துவிடுவேன்.

2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16ஐ எடுத்துக்கொள்வோம். நான் அதை வாங்கப் போவதில்லை. ஒரே பொருள், ஒரே நேரத்தில், பல நாடுகளில் அறிவிக்கப்பட்ட விலையோடு விற்கிறது என்பதால் கணக்குக்கு வசதி. அதன் அடிப்படை மாடலின் விலை, வந்தபோது, இந்தியாவில் 79,900 ரூபாய், பிரான்சில் 969 யூரோ, அமெரிக்காவில் 799 டாலராக இருந்தது. அப்போதைய மதிப்பில் யூரோவை 92 ரூபாய் என்றும் டாலரை 84 ரூபாய் என்றும் வைத்துப் பெருக்கினால் பிரான்சு விலை 89,148 ரூபாய், அமெரிக்க விலை 67,116 ரூபாய். அதாவது பாரீஸில் வாங்கினால் நேரு வீதியில் வாங்குவதைவிட ஒன்பதாயிரத்துச் சொச்சம் அதிகம்! இதை நான் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னபோது பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"டெத்தாக்ஸ் இருக்கே?" என்றார் அவர். இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்கள் பிரான்சில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். ஆனால் அது இங்கே வசித்துக்கொண்டு அங்கே போய் வருகிறவருக்குத்தான். அங்கேயே குடியிருக்கும் மகனுக்குக் கிடையாது, கையில் எந்த பாஸ்போர்ட் இருந்தாலும் சரி. கிடைப்பவருக்கும் இடைத்தரகுக் கம்பெனியின் பிடித்தம் போக விலையில் சுமார் 12 சதவீதம்தான் கைக்கு வரும். கழித்துப் பார்த்தால் 78,500 ரூபாய் வாக்கில் நிற்கிறது. மிச்சம் 1,400. அதற்குப் பிறகு சென்னையில் சுங்க அதிகாரி இருக்கிறார். 2016ஆம் ஆண்டின் பயணச் சுமை விதிகள்படி, 2024இல், 50,000 ரூபாய் வரைதான் வரியில்லாமல் இருந்தது. சீல் உடையாத பெட்டியைப் பார்த்து அவர் கணக்குப் போட ஆரம்பித்தால், மிச்சமான 1,400 டீச் செலவுக்குக்கூட மிஞ்சாது.

ஏன் இப்படி? நாம் பாண்டிச்சேரிக்காரர்கள். வரி எப்படி விலையை மாற்றும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் பக்கம் போனால் பெட்ரோல் விலை ஏறும். மற்ற சரக்கைப் பற்றி நான் எழுதவேண்டாம். போனுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. ஜி.எஸ்.டி. நாடு முழுக்க ஒன்றே, 18 சதவீதம். பிரான்சில் அதே இடத்தில் தே-வே-ஆ உட்கார்ந்திருக்கிறது, 20 சதவீதம். உலகத்துக்கு இந்த வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே பிரான்சுதான். மோரிஸ் லோரே என்ற நிதித்துறை அதிகாரியின் யோசனை, 1954இல் சட்டமானது. அதே 1954 நவம்பரில் அவர்கள் நம் ஊரைவிட்டுப் போனார்கள். போகும்போது விட்டுச் செல்லாத வரி, 2017இல் ஜி.எஸ்.டி. என்ற பேரில் டெல்லி வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது!

அமெரிக்க விலை குறைவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் வரியைச் சேர்க்காமல் சொல்வதுதான். பிரெஞ்சுக் கடையில் விலைச்சீட்டில் தே-தே-சே என்று போட்டிருந்தால் எல்லா வரியும் சேர்த்து என்று அர்த்தம். அமெரிக்காவில் அந்த வழக்கம் இல்லை. நியூயார்க் நகரத்தில் பில் போடும்போது 8.875 சதவீதம் ஏறும், ஓரிகன் மாநிலத்தில் ஒன்றும் ஏறாது. நம் 79,900ல் ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டால் 67,712 ரூபாய். அமெரிக்காவின் வரியில்லா விலை 67,116. வித்தியாசம் அறுநூறு ரூபாய்க்குள்! கம்பெனி இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலைதான் வைத்திருந்தது.

அதே கம்பெனியின் ப்ரோ மாடலில் இந்த ஒற்றுமை காணாமல் போகிறது. இங்கே அது 2024இல் 1,19,900. ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 1,01,610. அமெரிக்காவில் 999 டாலர், 83,916 ரூபாய். பதினேழாயிரத்துக்கு மேல் இடிக்கிறது. வெளியிலிருந்து முழுசாக வரும் போனுக்கு 2018 முதல் 20 சதவீத இறக்குமதி வரி இருந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 ஆக்கினார்கள். விலை உயர்ந்த மாடல் அதுவரை அந்த வழியாகத்தான் வந்தது. 2024இல் ப்ரோவையும் தமிழ்நாட்டிலேயே பூட்டத் தொடங்கினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2019இலிருந்தே ஐபோன் செய்கிறார்கள். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அங்கே பூட்டிய போன் கப்பலோ விமானமோ ஏறி அமெரிக்கா போய், நமக்கு விற்பதைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறது. உள்ளூரில் செய்தால் வரி குறையும், விலையும் தானாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜனங்கள் எவ்வளவுக்கு வாங்கிப் பழகியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள்.

பிரான்சு விலை அதிகமாக இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே சட்டப்படி இரண்டு வருட கரந்தி. நமக்குக் கம்பெனி கொடுப்பது ஒரு வருடம். பாட்டுக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் போய்ச் சேர, போன் மேல் ஒரு தீர்வை வேறு. 2021இல் தொடங்கி 2025 வரை ஒவ்வொரு போன் பக்கத்திலும் அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதி வைக்க வேண்டியிருந்தது. இந்த மார்க் விஷயத்தை நாமும் காப்பியடிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

விலையை விடுங்கள், அந்த ஊர் போனும் இந்த ஊர் போனும் ஒன்றா? பெயர் ஒன்றாக இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் சிம் போடும் இடமே கிடையாது. எல்லாம் இ-சிம். என் நண்பர் ஒருவருக்கு அவர் மருமகன் அங்கிருந்து ஒன்று கொண்டுவந்தார். நண்பரின் சிம் கம்பெனியில் அப்போது இ-சிம் வசதி இல்லை. இருபது வருட நம்பரை விட மனம் வராமல் அந்தப் போன் மூன்று மாதம் பீரோவில் இருந்தது, நகைப்பெட்டிக்குப் பக்கத்தில். அதே ஐபோனைச் சீனாவில் வாங்கினால் இரண்டு சிம் போட இடம் இருக்கும். ஜப்பானில் வாங்கிய போனில் படம் எடுக்கும்போது வரும் 'க்ளிக்' சத்தத்தை நிறுத்த முடியாது. திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க அங்கே அப்படி ஓர் ஏற்பாடு. 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து காதில் மாட்டும் ஒயரைக் கம்பெனி எடுத்துவிட்டது, பிரான்சில் மட்டும் எடுக்க முடியவில்லை. சிறுபிள்ளைகள் தலையருகே கதிர்வீச்சு கூடாது என்று அங்கே ஒரு சட்டம் இருந்ததால், பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி போட்டு ஒயரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சட்டத்தை மாற்றி இரண்டு வருடத்துக்குள் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

சில போன்கள் வரவே வராது. 2019இல் கூகுளின் பிக்சல் 4 பாரீஸில் விற்றது, இந்தியாவுக்கு வரவில்லை. கையை அசைத்தால் புரிந்துகொள்ள அதற்குள் ஒரு சின்ன ராடார் வைத்திருந்தார்கள். அந்த அலைவரிசையை அப்படிப் பயன்படுத்த அப்போது இங்கே அனுமதி இருக்கவில்லை. எதிர்ப்புறமும் உண்டு. 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போனில் யு.பி.ஐ. பணம் அனுப்பலாம். ஜியோவைத் தவிர வேறு எதிலும் ஓடாது. அதைப் பிரான்சுக்கு யார் கொண்டுபோகப் போகிறார்கள்?

இதுவரை போட்டதெல்லாம் செலாவணிக் கணக்கு. யூரோவை 92ஆல் பெருக்குவது எல்லோருக்கும் தெரியும். அதற்குள்ளேயே நின்றுவிடுவதுதான் தப்பு. வாங்குகிறவன் எத்தனை நாள் சம்பளத்தைக் கொடுக்கிறான் என்று பாருங்கள். பிரான்சில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2024 நவம்பர் முதல் தேதி நிலவரப்படி, பிடித்தம் போக, 1,426 யூரோவாக இருந்தது. 969 யூரோ ஐபோன் அவனுக்கு இருபது நாள் சம்பளம். இங்கே மத்திய அரசில் 2024 நவம்பரில் சேர்ந்த கீழ்நிலை எழுத்தருக்கு அடிப்படை 19,900, அப்போதைய அகவிலைப்படி 53 சதவீதம் சேர்த்தால் 30,447. அதே போன் அவருக்கு வீட்டு வாடகைப்படி நீங்கலாக இரண்டரை மாதச் சம்பளத்துக்கு மேல். ரூபாயில் மலிவான நாட்டில், நாளில் விலை அதிகம்.

இன்னும் கீழே வாருங்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 9,000. 2024 நவம்பரில் அகவிலை நிவாரணத்தோடு 13,770 ஆக இருந்தது. இந்த ஓய்வூதியக்காரர் ஐபோன் கேட்கப் போவதில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு சாதாரண போன் போதும் அவருக்கு. அந்தப் பத்தாயிரம் அவருடைய இருபத்திரண்டு நாள் ஓய்வூதியம். பாரீஸில் துப்புரவு வேலை பார்க்கிறவருக்கு ஐபோன் எவ்வளவு கனமோ, நம் தெருவில் இருக்கும் பியூன் விதவைக்கு மிகச் சாதாரண போன் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் கனம்.

அவர் அதை ஆசைக்காகவும் வாங்கவில்லை. கேஸ் புக்கிங், பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அதில். நவம்பர் என்றால் வாழ்நாள் சான்று மாதம். 2021 முதல் ஜீவன் பிரமாணை முகத்தைக் காட்டியே கொடுக்கலாம், வரிசையில் நிற்கவேண்டாம் என்கிறார்கள். நல்ல வசதி, மறுக்கவில்லை. அதற்கு முன்பக்கக் கேமரா 5 மெகாபிக்சலாவது இருக்கிற ஆண்ட்ராய்டு போன் வேண்டும். நாம் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல ஒரு கருவி தேவை என்று அரசாங்கமே சொல்கிறது, அதே கருவிக்கு 18 சதவீதம் வரியும் போடுகிறது. 2020 ஏப்ரல் வரை இது 12 சதவீதமாகத்தான் இருந்தது. பத்தாயிரம் ரூபாய் போனில் இன்று 1,525 ரூபாய் வரி.

லட்ச ரூபாய் போனுக்கு 18 இருக்கட்டும், 28 ஆக்கினாலும் எனக்கு வருத்தமில்லை. பத்தாயிரத்துக்குக் கீழே உள்ளதற்கு 5 சதவீதம் போதும். ஒரே பொருளுக்கு விலையைப் பார்த்து இரண்டு வரி போட முடியாது என்று அதிகாரிகள் குறிப்பெழுதுவார்கள், அந்தக் குறிப்பு நடையை நான் நன்றாக அறிவேன். ஆனால் துணிக்கு அப்படித்தான் போட்டார்கள்: 2024இல் ஆயிரம் ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12 என்று இருந்தது. ஓட்டல் அறைக்கும் 7,500 ரூபாயில் கோடு கிழித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் போனுக்கும் ஒரு கோடு கிழிப்பதில் என்ன சிரமம்? நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் எம்.பி.யிடமும் ஓய்வூதியர் சங்கங்கள் கேட்க வேண்டியது இதை.

டிசம்பர் பட்டியலிலிருந்து போனை அடித்துவிடுங்கள். சாக்லேட்டைக் கேளுங்கள், அது அங்கே உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.