மனப்பாடம் வேண்டாம்

அமெரிக்காவில் படிக்க விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு முதலில் கருதுகிறது. இல்லையென்று நம்பவைப்பது மாணவர் பாடு. சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே, அமெரிக்கத் துணைத் தூதரகச் சன்னல் முன் நேர்காணலுக்கு நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகப் பயிற்சி மையங்கள் மனப்பாட விடைகளை விற்கின்றன. வீண் செலவு. விசா கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் போதாதா? மலையூரான கொட்டச்சேட்டின் காப்பித் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன குறை? சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி, அப்பா வாங்கிய கல்விக் கடன், இந்தப் படிப்பை எடுத்த காரணம் எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லட்டும், திக்கினால்தான் என்ன? கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் போட்டிருக்கும் முதலாண்டுச் செலவுக்கு வங்கிக் கணக்கும் கடன் கடிதமும் ஈடாகின்றனவா என்பதை மட்டும் மலை இறங்குமுன் பார்த்துவிடுங்கள்.