பூட்டு இமேஜில் இல்லை

"டாக்கர்ல போட்டாச்சு, இனிமே சேஃப்." மென்பொருள் அலுவலகங்களில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. யாரோ எழுதிய நிரலை நம் கணினியில் ஓட்ட வேண்டும். பைத்தான், ஜாவா, சி, கோ, ரஸ்ட் என எந்த மொழியில் வந்தாலும் ஓட வேண்டும். இணையவழி நிரல் தேர்வுகள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலையும் இப்போது இப்படித்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு என்ன செய்கிறோம்? ஒரு லினக்ஸ் இமேஜை எடுத்து, கையில் கிடைத்த கம்பைலர்களை எல்லாம் அதில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, "பாதுகாப்பான இமேஜ்" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அப்படி ஒன்று கிடையாது என்பதுதான் என் வாதம்.

இமேஜ் என்பது கோப்புகளின் மூட்டை. அதற்குள் கம்பைலர் இருக்கும், நூலகங்கள் இருக்கும், சில அமைப்புக் கோப்புகள் இருக்கும். அவ்வளவுதான். அதை ஓட்டும்போது லினக்ஸ் கெர்னல் இரண்டு காரியங்களைச் செய்கிறது. நேம்ஸ்பேஸ் என்ற வசதியைக் கொண்டு மற்ற நிரல்களையும் கோப்புகளையும் அதன் கண்ணிலிருந்து மறைக்கிறது. சிகுரூப் என்ற வசதியைக் கொண்டு நினைவகத்துக்கும் சிபியுவுக்கும் உச்சவரம்பு வைக்கிறது. அதுவும் நாம் சொன்னால்தான். சொல்லாவிட்டால் டாக்கர் வரம்பு எதையும் வைக்காது. உள்ளே ஓடும் நிரலை ரூட்டாகவே ஓட்டவும் செய்யும்.

மேன்ஷன் அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை கதவு தனி, பூட்டு தனி. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மட்டும் எல்லோருக்கும் ஒன்று. கண்டெய்னர்களுக்கு அந்தத் தொட்டிதான் கெர்னல். அதில் எவனாவது கையை விட்டால் எந்த அறைக்கதவும் காப்பாற்றாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019 பிப்ரவரியில் ரன்சி ஓட்டை வெளியே வந்தது. டாக்கர் உட்படப் பல கருவிகள் கண்டெய்னரைத் தொடங்கப் பயன்படுத்தும் நிரல்தான் ரன்சி. கண்டெய்னருக்குள் ரூட்டாக ஓடும் தீய நிரல் ஒன்று, வெளியே இருக்கும் அந்த ரன்சி கோப்பையே மாற்றி எழுதி, கணினி முழுவதற்கும் ரூட் ஆகிவிட முடிந்தது. 2022-இல் டர்ட்டி பைப் வந்தது. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பிலும் எழுத வழிவிட்ட கெர்னல் ஓட்டை அது. இந்த இரண்டிலும் இமேஜை எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தாலும் ஓட்டை அடைபட்டிருக்காது.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜட்ஜ்ஜீரோ. பல மொழி நிரல்களை ஓட்டித் தருவதற்கென்றே எழுதப்பட்ட திறமூல மென்பொருள். 2024 ஏப்ரலில் அதன் ஓட்டைகள் வெளியிடப்பட்டன. பயனர் நிரல் ஓடும் கோப்புறைக்குள் ஒரு சிம்லிங்கை வைத்து, தடுப்புக்கு வெளியே இருக்கும் கோப்புகளில் எழுத முடிந்தது. கண்டெய்னர் 'பிரிவிலெஜ்டு' என்ற சலுகையோடு ஓடியதால், அங்கிருந்து கணினிக்குள் நுழைவதும் எளிதாயிற்று. பல மாதம் யோசித்து, இதே வேலைக்கென்று கட்டியவர்களுக்கே இந்தக் கதி. வெள்ளிக்கிழமை மாலை கட்டிய நம் மூட்டையைப் பற்றி என்ன சொல்வது?

இன்னொரு மூடநம்பிக்கையும் உண்டு. ஓட்டும்போதுதான் ஆபத்து, கம்பைல் செய்வது வெறும் மொழிபெயர்ப்பு என்பது. சி நிரலின் முதல் வரியில் கடவுச்சொல் கோப்பை இன்க்ளூட் செய்து பாருங்கள். அந்தக் கோப்பின் வரிகளை கம்பைலரே பிழைச்செய்தியில் அச்சிட்டுக் கையில் கொடுக்கும். ரஸ்டில் மேக்ரோக்கள் கம்பைல் ஆகும்போதே நிரலாக ஓடக்கூடியவை. கம்பைலரை வெளியே விட்டுவிட்டு, ஓட்டுவதை மட்டும் உள்ளே வைப்பது வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைக்கிற கதை.

சிலர் நிரலில் 'சிஸ்டம்' என்ற சொல் வந்தாலே தடுக்கிறார்கள். கெட்டவன் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, ஓடும்போது ஒட்டிக்கொள்வான். தன் மாறிக்கு அப்பாவியாக 'சிஸ்டம்' என்று பெயர் வைத்த மாணவிதான் மாட்டுவாள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இந்த மூட்டைகளின் மேல்தான் வளாக நேர்முகத்தின் முதல் சுற்று நடக்கிறது. எல்லா மொழிக்கும் ஒரே இமேஜ், ஒரே வரம்பு. சி நிரலுக்கு ஒரு த்ரெட் போதும். ஜேவிஎம் வாயைத் திறப்பதற்கு முன்பே பத்துக்கும் மேல் த்ரெட் கேட்கும். சி-யை மனதில் வைத்து வரம்பு போட்டால், ஜாவாவில் சரியாக எழுதியவளுக்கு "ரன்டைம் எரர்" என்று வரும். 2018-க்கு முந்தைய ஜாவா எட்டு கண்டெய்னரின் வரம்பைப் பார்க்காமல் கணினியின் மொத்த நினைவகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, வரம்பைத் தாண்டிச் செத்துப்போகும். அவளுக்கு இதை யார் சொல்வார்கள்? மதிப்பெண் சுழியம். தன் நிரல் தப்பு என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

"காலேஜ் பசங்கதானே சார், யாரு ஹேக் பண்ணப் போறா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. முடிவில்லாத லூப்புக்குள் அச்சிடும் ஒரு வரி போதும், வட்டு நிரம்பிவிடும். தன்னைத்தானே பிரதி எடுக்கும் நிரல் ஒன்று போதும், தேர்வு எழுதும் அத்தனை பேருக்கும் கணினி உறைந்துபோகும். "செலவு அதிகமாகுமே" என்பது இன்னொரு சாக்கு. ஜிவைசர், ஃபயர்கிராக்கர் இரண்டும் 2018-இலிருந்தே திறமூலமாகக் கிடைக்கின்றன. ஜிவைசர் பயனர் நிரலுக்கும் கெர்னலுக்கும் நடுவே இன்னொரு கெர்னல்போல உட்காருகிறது. ஃபயர்கிராக்கர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிக் கெர்னலோடு ஒரு குட்டி மெய்நிகர் கணினியையே தருகிறது. அது எழுந்து நிற்க 125 மில்லிவினாடி போதும். தொட்டியையே தனியாகக் கொடுப்பது என்றால் இதுதான்.

இமேஜுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. இன்று ஓடிய அதே பைத்தான் பதிப்பு நாளையும் ஓடும் என்று அது உறுதி தரும். அதற்கு மொழிக்கு ஒரு சின்ன இமேஜ் போதும். உள்ளே திருடத் தகுந்தது எதையும் வைக்காதீர்கள். சாவி கூடாது, விடைத்தாள் கூடாது. பூட்டுகளை எல்லாம் அதை ஓட்டும் இடத்தில் போடுங்கள்: ரூட் அல்லாத பயனர், எழுத முடியாத கோப்பமைப்பு, நினைவகம், த்ரெட், வெளியீட்டு அளவு, கடிகார நேரம் எல்லாவற்றுக்கும் மொழிக்கேற்ற வரம்பு. சிபியு நேரத்தை மட்டும் அளந்தால் தூங்கும் நிரல் நாள் முழுக்கத் தூங்கும். நெட்வொர்க்கை அறவே துண்டியுங்கள்; இல்லையென்றால் 169.254.169.254 என்ற முகவரியில் உங்கள் கிளவுட் கணக்கின் சாவியே கிடைக்கக்கூடும். ஓடி முடித்ததும் அழித்துவிட்டு அடுத்தவருக்குப் புதிதாகத் தொடங்குங்கள்.

உங்கள் கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ இப்படி ஒரு தளத்தை விற்க யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பயனரின் நிரல் யாருடைய கெர்னலில் ஓடுகிறது? கம்பைல் எங்கே நடக்கிறது? ஜாவாவுக்கும் சி-க்கும் வரம்பு ஒன்றா? "எல்லாம் டாக்கர்ல இருக்கு சார்" என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.