கரிக்கூடைக்குக் காத்திருந்த போர்



சிங்கப்பூர் போகிற நம்மவர்கள் சைனாடவுன் மாரியம்மனைக் கும்பிடாமல் திரும்புவதில்லை. கோயிலை ஒட்டிய தெரு பகோடா ஸ்திரீட். நம் கோயில் கோபுரத்தால் வந்த பெயர்தான் அது. இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகள். நூறு வருடங்களுக்கு முன் சீனக் கூலிகள் நெருக்கியடித்துத் தங்கிய வீடுகள். துறைமுகம் கூப்பிடு தூரம்.

1904 பிப்ரவரி 2-ஆம் நாள் அந்தத் துறைமுகத்துக்கு இரண்டு புதுப் போர்க்கப்பல்கள் வந்தன. இரும்புக் கவசம் பூண்ட 'குரூசர்' வகை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7,700 டன்.

இவை யாருக்காகக் கட்டியவை என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். தென்னமெரிக்காவில் அர்ஜெண்டினாவுக்கும் சிலிக்கும் மலை எல்லையில் தகராறு. வரப்புச் சண்டைதான், அளவு மட்டும் பெரிது. சிலி போர்க்கப்பல் வாங்க, அர்ஜெண்டினாவும் 1901-ல் இத்தாலியில் இந்த இரண்டுக்கும் சொல்லிவைத்தது. 1902-ல் பிரிட்டன் நடுவில் நின்று சமாதானம் செய்தது. பாதி கட்டிய கப்பல்கள் வேண்டாத சரக்காயின. ரஷ்யாவோடு மோதத் தயாராகிக்கொண்டிருந்த ஜப்பான் 1903 டிசம்பர் கடைசியில் அவற்றை வாங்கி, கசுகா, நிஷின் என்று பெயர் மாற்றியது.

1904 ஜனவரியில் ஜெனோவாவிலிருந்து புறப்பட்டன. போர்ட் சைத் துறைமுகத்தில் ஓஸ்லியாபியா என்ற ரஷ்யப் போர்க்கப்பல் எதிர்ப்பட்டது. ஆனால் போர் இன்னும் தொடங்கவில்லையே, என்ன செய்ய முடியும்? முறைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில்தான் சங்கதி. இந்தக் கப்பல்களுக்குத் தீனி நிலக்கரி. நிறைய ஏற்றினால் ஒரு கப்பலுக்கு 1,200 டன் வரை பிடிக்கும். அந்நாளில் சிங்கப்பூரில் கரி ஏற்றியது மனிதத் தோள்கள். இருவர் தோளில் ஒரு கழி, நடுவில் கரிக்கூடை, பலகைமேல் ஓட்டம். அந்தச் சமயம் பார்த்துக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள்!

ஜப்பான் போருக்கு முடிவெடுத்தாகிவிட்டது. ஆனால் கப்பல்கள் சிங்கப்பூரில் நிற்கும்போது குண்டு வெடித்தால், பிரிட்டன் நடுநிலை நாடு என்ற முறையில் சிக்கல் வரும். ஆகவே கப்பல்கள் கிளம்பிய செய்திக்காகத் தோக்கியோ காத்திருந்தது. தோக்கியோவில் மந்திரிகளும் தளபதிகளும் காத்திருக்க, சிங்கப்பூரில் கூடை தூக்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரட்டுக்களத்தில் ஆள் இறங்காத நாளை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தாமதம் பெரிதல்ல; கப்பல்கள் புறப்பட்டன. பிப்ரவரி 8 இரவு, போர் அறிவிப்புக்கு முன்பே, போர்ட் ஆர்தரில் ரஷ்யக் கப்பல்களை ஜப்பான் தாக்கியது. கசுகாவும் நிஷினும் 16-ஆம் நாள் யோகோசுகா சேர்ந்தன.

1905 மே மாதம் சுஷிமா கடற்போரில் இரண்டும் நின்றன. போர்ட் சைதில் எதிர்ப்பட்ட அதே ஓஸ்லியாபியா அங்கே மூழ்கியது. நிஷினில் இருந்த இளம் அதிகாரி ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போயின. பின்னாளில் 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்குதலைத் திட்டமிட்ட யாமாமோத்தோதான் அவர். அதே நாட்களில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கியதையும், சயாம் ரயில் பாதைக்கு நம் ஆட்களைக் கொண்டுபோனதையும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

கப்பல்களின் பெயர், பீரங்கியின் அளவு, எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த வேலைநிறுத்தத்துக்கு ஒரே ஒரு வரி. கூடையைக் கீழே வைத்தவர்களில் ஒருவர் பெயரையும் நான் பார்க்கவில்லை.