நீல இலைக்கு ஆசைப்பட்டால்...

வாசலில் வேப்ப மரம். அதன் நிழலில் ரோஜா வைத்தால் தேறாது, மல்லிகை வைத்தால் சரியாகப் பூக்காது. இலை அழகுக்காகவாவது ஏதாவது வைப்போமே என்று தேடுகிறவர்கள் கண்ணில் படுவது ஹோஸ்டா. முறம் மாதிரி அகல இலை. அதுவும் நீல இலை! படத்தைப் பார்த்தாலே சபலம் தட்டும்.

தூத்துக்குடிக்காரர்களே, சபலத்தை அடக்குங்கள். ஹோஸ்டாவுக்குச் சொந்த ஊர் ஜப்பான், கொரியா, சீனப் பக்கம். குளிர்காலத்தில் இலையெல்லாம் மடிந்து, மண்ணுக்குள் வாரக்கணக்கில் சில்லென்று தூங்கினால்தான் மறுபடி ஒழுங்காகத் துளிர்க்கும். துறைமுகத்துப் பக்கம் மார்கழியிலேயே ஃபேன் இல்லாமல் மனுஷனுக்குத் தூக்கம் வராது. செடி எங்கே தூங்க?

அந்த நீலமும் சாயம் இல்லை ஸார், மெழுகு! பச்சை இலை மேல் மெல்லிய படலம். விரலால் தேய்த்தால் பச்சை பல்லிளித்துவிடும். மெழுகுச் சமாசாரம் நம்ம சேம்பு இலையிலும் உண்டு. தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருளும். முத்துக்குளித்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான செடி ஏது? முளைவிட்ட சேப்பங்கிழங்கு நாலு வாங்கி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த பெரிய தொட்டியில் புதையுங்கள். காலை வெயில் கொஞ்சம், மீதி நேரம் நிழல். போதும்.

நிஜ வில்லன் தண்ணீர். உப்பளத்து ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும். அந்த உப்பு மண்ணில் தங்கி, வேரைத் தண்ணீர் உறிஞ்ச விடாது. தொட்டியில் ஈரம் இருக்கும். செடி தாகத்தில் தவிக்கும். இலை ஓரம் கருகும். 'தண்ணி பத்தலை போல' என்று அதையே இன்னும் நாலு குடம் ஊற்றுவோம்! சரி என்று தாமிரபரணிக் குடிதண்ணீரைத் திறந்துவிட்டால் வீட்டில் சும்மா விடுவார்களா?

வழி இருக்கிறது. ஏ.சி. குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம்தான். அதில் உப்பு கிடையாது. கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? வாளி வைத்துப் பிடியுங்கள். கிழங்கைச் சமைப்பதாக இருந்தால் மட்டும், அரிசி கழுவின தண்ணீரும் மழைத் தண்ணீரும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். மொட்டைமாடிக் குழாயடியில் செடிக்கென்று ஒரு டிரம் வைத்தால் குறைந்தா போவோம்? ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியையும் வெட்டவெளியில் நனைய விடுங்கள். பழைய உப்பு அடி ஓட்டை வழியே ஊரைவிட்டு ஓடிவிடும்.

டிரம்மை மூடுங்கள், வாளியை அன்றன்றே காலி செய்யுங்கள். நல்ல தண்ணீரும் நிழலும் டெங்குக் கொசுவுக்கும் ரொம்பப் பிடிக்கும்!