கடன் கேட்டால் கரண்டு பில் கேட்கிறார்கள்

தனிநபர் கடன் வேண்டி குருண் பட்டணத்துக்கோ சுங்கை பட்டாணிக்கோ போகும் நம் தோட்டத்துச் சனங்கள் ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்கள். சும்மா ஆசைக்குப் போனவர்கள் அல்ல. மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும், வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் எஞ்சின் போய்விட்டது, வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டது, இப்படி ஏதாவது ஒன்று கழுத்தைப் பிடிக்கும்போதுதான் தொழிலாளி வங்கிப் படியை மிதிக்கிறான். அடையாளக்கார்டு, மூன்று மாதச் சம்பளச்சீட்டு, சேமநிதிக் கணக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்கிறது: "அங்கிள், வீட்டு விலாசத்துக்கு என்ன ஆதாரம்? உங்க பேர்ல லைட் பில், தண்ணி பில் இருக்கா?"

எங்கே இருக்கும்? லயத்து வீட்டுக்குக் கரண்டு தோட்டத்தின் பெயரில் வருகிறது. பில்லும் தோட்டத்து ஆபீசுக்குத்தான். நமக்குத் தெரிவதெல்லாம் சம்பளச்சீட்டில் பிடித்த தொகை மட்டுமே. கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்கே வரும், கிராணி பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். லயத்து வீட்டுக்கு நம்பர் இல்லாமல் இல்லை. அந்த நம்பர் ஆபீஸ் கணக்குப் புத்தகத்துக்காகப் போட்டது. பட்டணத்தில் எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கண்டதில்லை. இருபது வருஷம் ஒரே வீட்டில் அடுப்பு மூட்டியவரிடம் "நீ அங்கேதான் இருக்கிறாயா?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்!

இதில் வேதனை என்னவென்றால், குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆன பிறகு, முன்பு சம்பளம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிலர் இப்போது கணக்கில் தேறுகிறார்கள். சம்பளம் தேறியும் விலாசம் தேறவில்லை.

வங்கி வேண்டுமென்றே நம்மை விரட்டுகிறது என்று நான் சொல்லமாட்டேன். 2001 ஆம் ஆண்டு வந்த பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளர் யார், எங்கே குடியிருக்கிறார் என்று விசாரித்து எழுதிக்கொள்ளும்படி பேங்க் நெகாரா வங்கிகளுக்குக் கட்டளையிட்டிருக்கிறது. கட்டாமல் போனால் ஆளைத் தேடவும் விலாசம் வேண்டும். அது நியாயமே. ஆனால் கரண்டு பில்தான் ஆதாரம் என்பது சட்டம் சொன்னது அல்ல, அந்தந்த வங்கி தன் வசதிக்கு வைத்துக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்தை வகுத்தவர்கள் சொந்த வீட்டுக்காரரையும் வாடகை வீட்டுக்காரரையும் நினைத்து வகுத்தார்கள். முதலாளி வீட்டில் குடியிருப்பவன் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

பழைய கதை ஒன்று சொல்லவேண்டும். இந்த நாட்டில் அடையாளக்கார்டு வந்தது 1948 இல், அவசரகாலத்தில். எந்த ஆள் எந்த லயத்தில் இருக்கிறான் என்று போலீஸ் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்போது கம்பிவேலிக்குள் தோட்டத்துச் சனங்களை ஒன்றாகக் குடிவைத்துக் கணக்கெடுத்தார்கள். அன்றைக்கு நம் விலாசத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை!

வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்து நியதி. அது மட்டுமா? ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். பிறகு சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்ட நிலங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தோட்டமே மறைந்த இடங்களில் தமிழ்ப்பள்ளி மட்டும் 'லாடாங்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு நிற்பதைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தைப் போலவேதான் நம் அடையாளக்கார்டும். ஆள் மலிவுவிலை அடுக்குமாடியில் இருப்பார். கார்டில் இன்னும் பழைய லயம் இருக்கும்.

விலாசம் மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் செய்தோம்? "கார்டுதான் கையில் இருக்கே, போதாதா?" என்கிறார்கள். போதாது. 2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானாகவே நடக்கிறது. கார்டில் எந்த விலாசமோ அந்தத் தொகுதியில்தான் ஓட்டு. கடன் வழக்கு வந்தால் நீதிமன்றக் கடிதமும் பழைய விலாசத்துக்கே போகலாம். ஆள் வரவில்லை என்று தீர்ப்பு ஆகிவிடும், சம்பந்தப்பட்டவருக்கு வெகுநாள் கழித்தே தெரியும்.

வங்கி கதவைச் சாத்தினால் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கிறது. வட்டி முதலைகள் கரண்டு பில் கேட்பதில்லை. கார்டைக் கையில் பிடிக்கச் சொல்லி, வீட்டு வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் விலாச ஆதாரம். மாதம் 10 காசு வட்டி என்றால் வருஷத்துக்கு 120 விழுக்காடு என்பதைக் கூட்டிப் பார்க்க அப்போது மனசு வராது. தவணை தப்பினால் கார்டில் இருக்கும் வீட்டைத் தேடி வருவார்கள். கடன் வாங்கியவர் குடிமாறிப் போயிருப்பார். இப்போது அந்த வீட்டில் இருக்கும் குடும்பம் விடிகாலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் சிவப்புச் சாயம்! அந்தப் பிள்ளைகள் செய்த பாவம் என்ன?

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரருக்கும் சட்டம் உண்டு என்பதை நம் சனங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு வருஷ வட்டி 18 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, அடமானம் இருந்தால் 12 விழுக்காடு. 5,000 வெள்ளிக்கு ஒரு வருஷ வட்டி 900 வெள்ளிக்கு மேல் கேட்டால் அது சட்டவிரோதம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், ஒரு நகல் நம் கைக்கு வரவேண்டும். அடையாளக்கார்டையும் வங்கி அட்டையையும் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. கைப்பேசியில் வந்து, "முதலில் 300 வெள்ளி கட்டு, பிறகு கடன் தருகிறேன்" என்பவன் திருடன், அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

கடன் என்று கிளம்புமுன் சொந்தக் காசைப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து, 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கரண்டு பில்லும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். நிறையக் காசு இருக்காது. மோட்டார் சைக்கிள் பழுதுக்கு ஆகும்.

மேனேஜர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 1990 ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வீட்டைப் பற்றியும் தண்ணீர், மின்சாரம் பற்றியும் பேசுகிறது. அந்த வீட்டில் இருப்பவனுக்கு "இவன் இங்கே இருக்கிறான்" என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பதற்கு எந்தத் தோட்டத்துக்கும் காசு செலவில்லை. ஆனாலும் சில ஆபீசுகளில், "நாளை வா, துரை இல்லை" என்று வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். கடிதம் கொடுத்தால் கடனுக்குத் தோட்டம் ஜாமீன் ஆகிவிடுமோ என்ற பயம் சிலருக்கு. ஆகாது. குடியிருப்பை உறுதிப்படுத்துவது வேறு, கடனுக்குக் கையெழுத்துப் போடுவது வேறு.

ஆகவே, கேட்கும்போது சரியாகக் கேளுங்கள். கடிதம் தோட்டத்து முகப்புத் தாளில் இருக்கட்டும். உங்கள் முழுப்பெயர், கார்டு எண், வேலையில் சேர்ந்த தேதி, டிவிஷன், வீட்டு எண், வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது என்பதால் பில் உங்கள் பெயரில் இல்லை என்ற ஒரு வரி, மேனேஜர் கையெழுத்து, முத்திரை. அந்த 'பில் இல்லை' என்ற வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சேமநிதியில் விலாசத்தைத் திருத்திவிட்டு, அதன் அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். இதற்கும் வங்கி தலையாட்டவில்லை என்றால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் உறுதிமொழிப் பத்திரம் செய்து கொடுக்கலாமா என்று கேளுங்கள். பொய் எழுதினால் தண்டனை உண்டு என்பதால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, சங்கத்துக் கிளையில் கொண்டுவந்து கொடுங்கள். பழைய கடிதத்தை வங்கிகள் தள்ளிவிடும், ஆகையால் விண்ணப்பம் போடும் வாரத்திலேயே ஆபீசில் எழுதி வாங்குங்கள், சம்பள நாள் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள்.