வீட்டிற் காற்றுத்தாவரங்கள்: வளர்ப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி

மண்ணின்றிப் பயிரில்லை என்பது கமக்காரர் கற்கும் முதற் பாடம். எனினும், மண்ணைத் தொடாது, ஒரு மரத்துண்டிலோ நூலிலோ தொங்கியபடி தளிர்த்துப் பூக்கும் செடிகள் இன்று பூங்கன்றுக் கடைகளில் விலைப்படுகின்றன. காற்றுத்தாவரம் என்னும் பெயரால் அவற்றை வாங்கி விறாந்தையிலும் யன்னலோரத்திலும் தொங்கவிட்டு மகிழ்வோர் பலர். வயலும் தோட்டமும் உள்ள குடும்பத்துக்கு இது வீண் வேடிக்கை என்று சிலர் தள்ளிவிடுகின்றனர். அஃது சரியன்று. நாள் முழுதும் வெயிலில் உழைப்பவரின் வீட்டு முற்றத்தில் ஒரு பூ இருப்பது குற்றமாகாது. சிறிய இடத்தில், சிறிய செலவில், பெண்களும் முதியோரும் பராமரிக்கக்கூடிய செடி இது.

ஆயினும், அச்செடி எவ்வழியால் வீட்டுக்கு வந்தது என்று கேளாது வளர்ப்பது பெரும் பிழையாகும். நாட்டிலே பக்கக்கன்றுகளாற் பெருக்கப்பட்ட செடியே கமக்காரர் வீட்டுக்கு உரியது. காட்டு மரத்தினின்று பிடுங்கிய செடியும், பிரயாணப் பெட்டியில் மறைத்துக் கொணர்ந்த செடியும் எத்துணை அழகியவாயினும் வாயிலைத் தாண்டலாகாது. இதற்குரிய காரணங்களை ஆராய்வது பயனுடைத்து.

ஒட்டுண்ணி அன்று, மேலொட்டி

மாமரத்திலே குருவிச்சை படர்ந்தால் மரம் நலியும் என்பதைக் கமக்காரர் அறிவர். குருவிச்சை தன் உறிஞ்சிகளை மரத்தினுள்ளே செலுத்தி அதன் நீரையும் உப்புக்களையும் கவர்கிறது. ஆதலால் அது ஒட்டுண்ணி. காற்றுத்தாவரங்கள் அத்தகையன அல்ல. அவை மரத்தை இருக்கையாக மாத்திரம் கொள்பவை. மரத்தின் சாற்றிலே ஒரு துளியும் எடாதவை. இவற்றை மேலொட்டிகள் என்பர். தோட்டத்து மரக்கிளையில் ஓர்கிட்டு ஒன்று தானாக முளைத்திருப்பின், அதைக் குருவிச்சையென எண்ணி வெட்டியெறிவது அறியாமையாகும்.

கடைகளிற் காற்றுத்தாவரம் என விற்கப்படுவது பெரும்பாலும் தில்லாந்திசியா என்னும் சாதியைச் சேர்ந்தது. அது அன்னாசியின் உறவு. அன்னாசிக் குடும்பம், மேற்கு ஆபிரிக்காவில் வாழும் ஒரேயோர் இனம் தவிர, முற்றிலும் அமெரிக்கக் கண்டங்களுக்குரியது. தில்லாந்திசியாவில் 600க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவை ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதி தொடக்கம் ஆர்சந்தீனா வரை மரங்களிலும் பாறைகளிலும் வாழ்கின்றன. எனவே இலங்கையில் உள்ள ஒவ்வொரு தில்லாந்திசியாவும், தானோ தன் மூதாதையோ, கடல் கடந்து வந்ததேயாகும்.

இச்சாதிக்குப் பெயரிட்டவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு. எலியாசு தில்லாந்சு என்னும் முற்கால அறிஞர் ஒருவர், கடற்பயணத்தில் உற்ற துன்பத்தால், பின்னர் கடலைத் தவிர்த்துக் கரைவழியே நெடுந்தூரம் சுற்றி நடந்தார் என்று கூறுவர். இச்செடியும் அவரைப் போல நீரை வெறுப்பது என்று கருதியே லின்னேயசு அப்பெயரைச் சூட்டினார். அக்கருத்துப் பிழையானது. அதே பிழையாலேயே வீடுகளில் இச்செடிகள் இன்றும் மடிகின்றன. காற்றில் வாழ்வது எனக் கேட்டோர் நீரூற்றாது விடுகின்றனர்; சில மாதங்களில் அது சருகாகிறது.

நீரும் காற்றும்

தில்லாந்திசியாவின் வேர் பிடிமானத்துக்கு மாத்திரம் உரியது. நீரை உறிஞ்சுவது இலையே. இலையின்மேல் வெண்சாம்பல் நிறமாகத் தோன்றுவன நுண்ணிய செதில்கள். அவையே மழையையும் பனியையும் பற்றி உள்ளே செலுத்துகின்றன. அவற்றைத் தூசி என எண்ணித் துடைத்தல் ஆகாது.

வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ, காலை வேளையில், செடியை ஏறத்தாழ அரை மணித்தியாலம் நீரில் அமிழ்த்தி வைத்தல் வேண்டும். உலர்வலயத்திலே சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் இரு முறையும் அதற்கு மேலும் தேவைப்படும். மலைநாட்டு மூடுபனியில் ஒரு முறையே போதும். இலைகள் ஓரம் சுருண்டு குழலாவது தாகத்தின் அறிகுறி. எடுத்தபின் தலைகீழாகப் பிடித்து உதறி, நான்கு மணித்தியாலத்துள் முற்றாக உலரும்படி காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். குருத்திலே நீர் தங்கினாற் செடி அடியினின்று அழுகும். இச்செடி பகலில் இலைவாய்களை மூடி, இரவிலே திறந்து காபனீரொட்சைட்டை ஏற்பது. இலை ஈரமாயிருப்பின் அம்மூச்சுத் தடைப்படும். மாலையில் நனைக்கலாகாது என்பதன் காரணம் இதுவே.

மழைநீர் மிகச் சிறந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீர் காலப்போக்கில் இலைச் செதில்களின்மேல் வெண்படலமாய்ப் படிந்து அவற்றை அடைத்துவிடும். காலை வெயிலும் பின்னர் நிழலும் விழும் கிழக்கு விறாந்தை உகந்தது. நண்பகல் வெயில் இலையைக் கருக்கும். இருள் சூழ்ந்த அறை வலுவிழக்கச் செய்யும்.

மரக்கறிச் செய்கையாளர் தனியாகக் கருதவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. செப்பு இச்செடிக்கு நஞ்சு. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் தெளிக்கும் போடோக் கலவை முதலிய செப்புப் பங்கசுநாசினிகள் ஒரு முறை பட்டாலும் செடி கெடலாம். அத்தெளிகருவியால் இதற்கு நீர் தெளிக்கலாகாது. தெளிக்கும் நாளில் காற்று வீசும் பக்கத்தினின்று செடிகளை அகற்றிவைத்தல் நன்று. செப்புக் கம்பியாற் கட்டுவதும் ஆகாது. புதிய நாகப்பூச்சுக் கம்பியும் தவிர்க்கத்தக்கது. தங்கூசி நூலால் மெதுவாகக் கட்டினாற் போதும்.

காட்சிக்கு வைப்பதற்கு விலையுயர்ந்த கண்ணாடிக் குமிழ்கள் வேண்டியதில்லை. மூடிய கண்ணாடியினுள் ஈரம் தேங்குமாதலால் அவை செடிக்குக் கேடே செய்யும். காய்ந்த வேப்பங்கொப்பு, துளையிட்ட சிரட்டை, கடற்கரையில் ஒதுங்கிய மரத்துண்டு என்பன போதும். அழகும் அவற்றிலேயே மிகுதி. தேங்காய்ப் பொச்சு ஈரத்தை நெடுநேரம் பிடித்திருப்பதால் ஓர்கிட்டுக்கு உகந்தது, தில்லாந்திசியாவுக்கு உகந்ததன்று.

நுளம்புக்கு இடம் கொடாமை

அன்னாசிக் குடும்பத்திலே, இலையடிகள் கிண்ணம்போற் குவிந்து நீரைத் தேக்கும் வேறு அலங்காரச் செடிகளும் உண்டு. அவையும் இப்பெயரால் விற்கப்படுவதுண்டு. அந்நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயுற்றதாகப் பதிவாயிற்று. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுத்தற் சட்டம், தன் வளவில் நுளம்பு பெருக இடங்கொடாதிருத்தல் வீட்டுக்காரரின் கடமை என்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் நீர்தாங்கும் செடிகளைத் தவிர்த்து, உதறினால் நீர் முற்றாக வடியும் மெல்லிலை இனங்களையே தெரிந்துகொள்வது அறிவுடைமை. அமிழ்த்திய வாளியின் நீரை அன்றே ஊற்றிவிடல் வேண்டும். மழைநீர்த் தொட்டியை மூடிவைத்தல் வேண்டும்.

காட்டினின்று பிடுங்குதல்

அமெரிக்கச் செடி எதற்கு, நம் காட்டிலேயே மேலொட்டிகள் உண்டே என்று சிலர் கேட்பர். உண்மை. இலங்கையில் 180க்கு மேற்பட்ட ஓர்கிட்டு இனங்கள் உண்டு. அவற்றுட் பல மரங்களில் வாழ்பவை. தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் வெசாக் காலத்தையொட்டிப் பூக்கும் வெசாக் ஓர்கிட்டு உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. நரிவால்போற் பூங்கொத்துத் தொங்கும் மற்றோர் ஓர்கிட்டுக்கு மட்டக்களப்பின் பெயரே வழங்குகிறது. இவை நமது செல்வம். செல்வம் என்பதாலேயே அவற்றைக் காட்டினின்று பிடுங்கலாகாது.

ஓர்கிட்டின் விதை தூளினும் நுண்ணியது. அதனுள் முளைக்குரிய உணவில்லை. இயற்கையில், தக்கதொரு பங்கசு வந்து சேர்ந்தாலன்றி அது முளையாது. ஆயிரமாயிரம் விதைகளிற் சிலவே செடியாகின்றன. அவையும் பூக்கப் பல ஆண்டுகள் செல்லும். எனவே ஒரு மரத்தினின்று பத்துச் செடிகளை ஒரு காலையிற் பிடுங்குபவர், பல ஆண்டின் விளைவை ஒரு மணித்தியாலத்தில் அறுத்தவராவர். விதைநெல்லை உண்பவரைக் கமக்காரர் எவ்வாறு கருதுவரோ, அவ்வாறே இவரையும் கருதல் தகும். பிடுங்கிய செடியும் பெரும்பாலும் வீட்டில் வாழ்வதில்லை. காட்டின் நிழலும் ஈரமும் முற்றத்தில் இல்லை.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வெசாக் ஓர்கிட்டு முதலியவற்றைப் பாதுகாக்கிறது. அருகும் உயிரினங்களின் வாணிகம் பற்றி 1973இல் கைச்சாத்தான அனைத்துலக உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. ஓர்கிட்டுக் குடும்பம் முழுவதும், தில்லாந்திசியாவுட் சில இனங்களும் அதன் கட்டுப்பாட்டுக்குள் அடங்கும்.

பிடுங்காமலே பெறுவதற்கு வழியுமுண்டு. 1922இல் லூயிசு நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், பங்கசின் துணையின்றியே சர்க்கரை சேர்ந்த ஊடகத்தில் ஓர்கிட்டு விதைகளை முளைக்கச் செய்து காட்டினார். அவ்வழி வந்த முறைகளாலும் இழைய வளர்ப்பினாலும் பெருக்கிய நாற்றுக்கள் இன்று நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. காட்டுச் செடியை மலிவானது என்று கூறி விற்பவரிடம் வாங்காதிருப்பதே காட்டுக்குச் செய்யும் காவல்.

பெட்டியிற் கொணர்தல்

மற்றை வழி விமான நிலையத்தின் வழி. மண்ணில்லாத செடி, சிறியது, வாடாதது. உடைகளுக்கிடையே வைத்தால் எவரும் அறியார் என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணமே ஆபத்தானது. மண் இல்லையாயினும் இலையடியில் வெண்மூட்டுப்பூச்சியும் செதிற்பூச்சியும் ஒளிந்திருக்கும்.

பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை நினைவிற் கொள்க. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். தில்லாந்திசியாவின் பல இனங்களுக்கும் அவையே தாயகம். அப்பூச்சி 2008இல் இலங்கையிற் காணப்பட்டது. பப்பாசி, மரவள்ளி முதலிய பயிர்களையும் செவ்வரத்தை, அரலி முதலிய பூமரங்களையும் வெண்பஞ்சுபோல் மூடியது. மருந்து தெளித்து அடக்க இயலாத நிலையில், 2009இல் அதனைக் கொல்லும் நுண்ணிய குளவியினத்தைத் தருவித்து விடுவித்த பின்னரே அது தணிந்தது. அப்பூச்சி காற்றுத்தாவரத்தோடு வந்தது என்று இங்கே கூறப்படவில்லை. கடல் கடந்து வரும் ஒரு சிறு பூச்சி முழு நாட்டின் தோட்டங்களையும் வருத்தவல்லது என்பதே கருத்து. அன்னாசியின் உறவான செடியில் வரும் பூச்சி அன்னாசித் தோட்டத்துக்குச் செல்ல நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிறநாட்டுச் செடியைக் கொணர அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இதனை வீண் தொல்லை என்று கூறுவோர் தோட்டம் செய்யாதவராகவே இருப்பர். ஒரு செடியின் அழகை ஒருவர் நுகர, அதன் பூச்சியை ஓர் ஊரே சுமப்பது நீதியன்று. வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்பாகக் கொணர விரும்பினும், வேண்டாம் என்று முன்னரே கூறிவிடுதல் நன்று.

பக்கக்கன்றே சிறந்த வழி

இவ்விரு வழிகளையும் அடைத்தால் ஆசை நிறைவேறாதோ எனின், நிறைவேறும். தில்லாந்திசியா வாழையைப் போன்றது. வாழை ஒரு முறை குலை ஈன்று, குட்டிகளை விட்டு மடிகிறது. இச்செடியின் தண்டும் அவ்வாறே. ஒரு முறை பூத்தபின் அடியில் பக்கக்கன்றுகளை ஈன்று மெல்ல மடியும். பூத்த செடி வாடுவதைக் கண்டு எறிந்துவிடுவோர் கன்றுகளையும் சேர்த்து எறிகின்றனர். கன்று தாயின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வளர்ந்ததும் பிரித்துக் கட்டலாம். பிரியாது விட்டாற் கொத்தாகப் பெருகும். நரைத்த தாடிபோல் தொங்கும் இனத்தைப் பெருக்குவது இன்னும் எளிது. ஒரு பிடி இழையைப் பிரித்து வேறிடத்தில் தொங்கவிட்டாற் போதும். ஆயின் அது வீட்டு வளவோடு நிற்கட்டும். காட்டோரத்து மரங்களில் எறிதல் ஆகாது.

ஆகவே, செடி வாங்க விரும்புவோர் விற்பவரிடம் முதலிற் கேட்கவேண்டியது விலையை அன்று. இது எங்கே பெருக்கியது என்பதையே. தாய்ச்செடியைக் காட்டக்கூடியவரிடம் வாங்குக. அயலவரிடம் இருப்பின் ஒரு கன்று கேட்டுப் பெறுக. தம்மிடம் பெருகியபின் வேறொருவர்க்குக் கொடுக்க. புதிய செடியை இரு வாரம் தனியே வைத்து, இலையடிகளை நோக்கி, பூச்சியில்லை என்று கண்டபின் மற்றவற்றோடு சேர்க்க. விதைநெல்லைத் தெரிவதிலும் நாற்றைத் தெரிவதிலும் கமக்காரர் காட்டும் விழிப்பு இதற்கும் உரியது. அவ்விழிப்போடு வளர்த்தால், விறாந்தையிற் பூக்கும் சிறு பூவுக்காகக் காடும் இழக்காது, தோட்டமும் இழக்காது.